பிரேக் நன்றாகத்தான் இருந்தது

அன்புத் தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்று முதல் வரி எழுதிப் பழகிய கை இந்த முறை அதை எழுத மாட்டேன் என்கிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். முதலில் ஒன்று, நீ பதறாதே. உன் அண்ணன் உயிரோடு இருக்கிறார், பேசுகிறார், சாப்பிடுகிறார், என்னோடு சண்டையும் போடுகிறார். இப்போதுகூட உள் அறையில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு செய்தித்தாளைப் படிக்காமல் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நான் கால் என்று தொடங்கியதுமே, வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே அண்ணி என்று சிரித்துவிட்டு நீ அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாய். அவரும் பக்கத்திலிருந்து போனைப் பிடுங்கி, ஒண்ணுமில்லடா சுளுக்கு என்பார். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அந்தக் குணம் ஒரே அச்சு. கடிதம் என்றால் நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது. கடைசி வரை நீ படித்துத்தான் ஆக வேண்டும்.

உன் அண்ணன் வண்டியை மோதிவிட்டார்.

எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை. இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். ஓட்டுநர் பள்ளியில் அவர் பெயரே 'பிரேக் மாஸ்டர்' என்றுதான். பக்கத்து இருக்கையில் அவர் காலடியில் இருக்கும் அந்த இரண்டாவது பிரேக்கைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ அவரிடம் கற்றுக்கொண்ட காலத்தில் அது எத்தனை முறை உன்னைக் காப்பாற்றியது என்று நீயே எங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். அவர் வண்டியில் இத்தனை வருடத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அன்றைக்கு ஓட்டியது நூலகத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. நிதானமான பொம்பளை. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது, அவ்வளவு மெல்லிய குரல். வளைவில் திரும்பும்போது எதிரே ஒரு சைக்கிள் வந்திருக்கிறது. அதற்கு வழி விடுகிறேன் என்று ஸ்டியரிங்கை அதிகமாக ஒடித்துவிட்டார். பயத்தில் கால் ஆக்ஸிலேட்டரில் அழுந்திவிட்டது. கற்றுக்கொள்கிறவர்கள் செய்கிற தப்புதான். இந்த மாதிரி நேரத்துக்குத்தானே உன் அண்ணனை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் பிரேக்கை மிதித்தார். மிதித்தேன் என்றுதான் இன்று வரை அவருக்கு ஞாபகம். வண்டி நிற்கவில்லை. நடைபாதையில் ஏறி, மரச்சாமான் கடையின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய், ஒரு கட்டில் மெத்தையில் இடித்து நின்றது.

அந்த மெத்தையில் அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தாயும் சின்னப் பெண்ணும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், தம்பி. குழந்தை ஏறிக் குதித்திருக்கிறது. தலையணை உறைக்கு வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்க அம்மா எழுந்தபோது குழந்தையும் கூடவே இறங்கிப் போயிருக்கிறது. யாருக்கும் அடி இல்லை. நூலகத்தம்மாவுக்கு மட்டும் நெற்றியில் வீக்கம். கடவுளுக்கு நன்றி சொல்வதா, அந்தத் தலையணை உறைக்கு நன்றி சொல்வதா என்று தெரியவில்லை.

உன் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. பிரேக் பிடிக்கவில்லை என்றார். அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், பிரேக் பிடிக்கவில்லை, பிரேக் பிடிக்கவில்லை என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பள்ளி முதலாளி நல்ல மனிதர், உனக்குத் தெரியும். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வண்டியை மெக்கானிக்கிடம் விட்டார். மெக்கானிக் இரண்டு பிரேக்கையும் கழற்றிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, இன்னொருவரை வைத்தும் பார்த்திருக்கிறார். பிறகு வீட்டுக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாசலில் நின்று எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடியே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"மாஸ்டர், பிரேக்கு நல்லாத்தான் இருக்கு."

உன் அண்ணன் அவர்மேல் பாய்ந்துவிட்டார். அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததே இல்லை. ஸ்பானரைப் பிடிக்கத் தெரியாதவன் எனக்குப் பிரேக்கைப் பற்றிச் சொல்கிறானா என்றார். அந்த மனிதர் இறங்கிப் போய்விட்டார். அதற்குள் நூலகத்தம்மா பள்ளியில் ஒன்று சொல்லியிருந்தார். மோதுவதற்கு முன்னால் தான் குனிந்து பார்த்ததாகவும், மாஸ்டரின் கால் பிரேக்கின் மேலே இல்லை, பக்கத்தில் தரையில் விரித்திருந்த மிதியடியை அழுத்திக்கொண்டிருந்தது என்றும். அது காதுக்கு வந்ததும், தன் தப்பை மறைக்க அந்தம்மா பொய் சொல்கிறார் என்று இவர் சாதித்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முப்பது வருடமாக ஒரே இடத்தில் இருக்கிற பிரேக்கை இவர் கால் தவறவிடும் என்று யார்தான் நம்புவார்கள்?

அந்த வாரம் அவர் வீட்டிலேயே இருந்தார். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். வலது கால் இடது காலைவிடப் பெரிதாக இருந்தது. சிவந்து, கணுக்கால் எலும்பே தெரியாமல் வீங்கியிருந்தது. தொட்டேன். இஸ்திரிப் பெட்டியை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டால் இருக்குமே, அப்படி ஒரு சூடு. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லவே இல்லை, ஷூ கொஞ்ச நாளாகவே இறுக்கம், அதுதான் என்றார். வண்டி மோதியதில் அடிபட்டிருக்கும் என்று நான் பயந்தேன். அடிபட்டிருந்தால் வலிக்காதா என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னா நான் மிஷின்ல உட்கார மாட்டேன் என்றேன். தைத்துக்கொடுக்க வேண்டிய திரைச்சீலைகள் மலைபோலக் கிடந்தன. வாடிக்கையாளர் வாசலில் நின்று கத்துவதை அவரால் தாங்க முடியாது. அதற்காகவே கிளம்பினார்.

அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்றதும் நேராக அங்கே அனுப்பினார்கள்; சர்க்கரைக் காலுக்கு என்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். டாக்டர் சின்ன வயசுப் பெண். உன் அண்ணன் காலைப் பார்த்ததும் முதலில் கேட்டது, எப்படி வந்தீர்கள் என்று. பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்துதான் என்று இவர் பெருமையாகச் சொன்னார். அந்தப் பெண் உடனே எழுந்து சக்கர நாற்காலியை இழுத்து வரச் சொன்னாள். இவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு சோதனை. கைப்பிடியில் தூண்டில் நரம்பு போல ஒரு மெல்லிய நைலான் இழை. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அந்த இழை காலில் படும்போதெல்லாம் 'ம்' சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உன் அண்ணன் லைசென்ஸ் தேர்வுக்குப் போகிறவர் போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவள் பெருவிரலில் வைத்து இழை வளையும் வரை அழுத்தினாள். சத்தமில்லை. பாதத்தின் நடுவில் வைத்தாள். குதிகாலில். மற்றொரு காலில். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். என் உள்ளங்கால் கூசுகிறது. அவர் முகத்தில் ஒரு சலனம் இல்லை. அவள் முடித்துவிட்டு இழையைத் தட்டில் வைத்துவிட்டாள். அப்போது அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"ஆரம்பிங்க டாக்டர், நான் ரெடி."

தம்பி, எத்தனையோ சாவு வீட்டுக்குப் போயிருக்கிறேன். என் அப்பாவை என் மடியில் வைத்தே இழந்தேன். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டபோது வந்த திகில் எனக்கு வேறெதிலும் வந்ததில்லை. டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு, நல்ல மார்க் வாங்கப் போகிற மாணவன் போலக் காத்துக்கொண்டிருக்கிறார்.

அவள் அவர் கையைப் பிடித்து அதே இழையால் லேசாகத் தொட்டாள். உடனே 'ம்' என்றார். அப்புறம் கண்ணைத் திறக்கச் சொல்லி, அவர் பார்க்கப் பார்க்கவே பாதத்தில் அழுத்திக் காட்டினாள். அவர் இழையைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், மறுபடி இழையைப் பார்த்தார். அது வேறு யாருடைய காலோ போல.

எக்ஸ்ரே எடுத்தார்கள். பாதத்துக்குள் எலும்புகள் உடைந்திருந்தன. ஒன்று இரண்டு இடம் விலகியும் இருந்தது. எப்போது விழுந்தீர்கள் என்றார்கள். விழவே இல்லையே என்றார். படி தடுக்கியிருக்கலாம், சின்னதாய்ப் பிரண்டிருக்கலாம், வலி தெரியாததால் அதன் மேலேயே நடந்து நடந்து உடைந்துகொண்டே வந்திருக்கிறது என்றாள் டாக்டர். வண்டி மோதுவதற்கு முன்னாலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்றாள். உடைந்த காலோடு இவர் காலையில் எழுந்து, குளித்து, ஷூ மாட்டி, வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறார். நானும் வாசல் வரை வந்து வழியனுப்பியிருக்கிறேன்.

சர்க்கரை இருப்பது எங்களுக்குத் தெரியாதது இல்லையே. வருடக்கணக்காகத் தெரியும். அவருக்கு அதில் ஒரு பெருமைகூட. டீயில் சர்க்கரையை விட்டுவிட்டேன், இனிப்பைத் தொடுவதில்லை, எனக்கு எல்லாம் கண்ட்ரோல் என்று ஊருக்கெல்லாம் சொல்வார். மாத்திரை மட்டும், உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எதற்கு என்பார். பரிசோதனைக்குப் போவதற்கு முன்னால் வயிற்றைக் கட்டிக்கொண்டு, மாலையில் வேக நடை நடந்து, அன்றைய ரத்தத்தை நல்ல பிள்ளையாக்கிக் கொண்டு போவார். இந்த டாக்டர் எடுத்தது மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தச் சோதனை. அது இருக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. இதுகிட்ட மட்டும் நடிக்க முடியாது சார் என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

காலைக் காட்டப் போன இடத்தில் கண்ணையும் பார்த்தார்கள். சொட்டு மருந்து விட்டுப் படம் எடுத்ததில் உள்ளே சின்னச் சின்ன ரத்தக் கசிவு. சிறுநீரில் புரதம் ஒழுகத் தொடங்கியிருக்கிறது. இத்தனைக்கும் கண்ணாடி இல்லாமலே தெருக்கோடி போர்டைப் படிப்பார், உனக்குத் தெரியும். எங்கேயும் ஒரு வலி இல்லை, ஒரு சத்தம் இல்லை. வெளியே வெள்ளையடித்த வீட்டில் உள்ளே கரையான் அரித்த மாதிரி. இனிப்பை விட்டால் போதும் என்று நினைத்திருந்தோம். ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்காக ஏறியே இருந்தால் மெல்லிய ரத்தக் குழாய்கள் கெட்டுப்போகும், அவைதான் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் நரம்புக்கும் சோறு போடுபவை, அதனால்தான் எல்லாம் ஒன்றாக வருகிறது என்று அவள் விளக்கினாள். கண்ணையும் சிறுநீரகத்தையும் இந்த நிலையிலேயே தடுத்து நிறுத்தப் பார்க்கலாம், இப்போதாவது வந்தீர்களே என்றாள். அதை நல்ல செய்தி என்றுதான் சொன்னாள். எனக்குக் காது அடைத்துப்போயிருந்தது.

முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். இன்சுலின் ஊசி தொடங்கினார்கள். சில மாதங்களுக்கு அந்தக் காலில் எடை விழவே கூடாது. விழுந்தால் பாதத்தின் வளைவு இடிந்து தட்டையாகிவிடும், அடியில் புண் வரும், புண்ணில் கிருமி சேர்ந்தால் காலையே எடுக்க வேண்டியும் வரலாம். எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே சொன்னாள்.

இப்போது யோசித்துப் பார். வலிக்கிறவனை உட்கார வைக்க யாரும் தேவையில்லை, வலியே உட்கார வைத்துவிடும். வலிக்காதவரை எப்படி உட்கார வைப்பது? எழுந்திருக்கும்போதெல்லாம் நான் கத்த வேண்டியிருக்கிறது. தையல் மிஷினை இழுத்து அவர் அறை வாசலைப் பார்த்துப் போட்டுக்கொண்டேன். ஊன்றுகோலை எடுங்க, எடுங்க என்று நாள் முழுக்க ஒரே பாட்டு. உன்கூட இருக்கறதுக்கு அந்த வலியே பரவாயில்ல போலிருக்கு என்றார் ஒரு நாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஒரு மத்தியானம் எதிர்க் கட்டிடத்தில் ஜன்னல் அளவு எடுக்கப் போயிருந்தேன். மாடியிலிருந்து கீழே பார்க்கிறேன், நடுத்தெருவில் உன் அண்ணன். மாவுக்கட்டுக் காலை ஊன்றி, கையை ஆட்டி, வா வா, இன்னும் ஒடி, நேராக்கு என்று யாருக்கோ வண்டி நிறுத்தக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். எவரோ முன் பின் தெரியாத ஆள். இரண்டு காருக்கு நடுவில் வண்டியை நுழைக்கத் தெரியாமல் திணறியிருக்கிறார். கியர் அரைபடும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டதும் இவரால் படுத்திருக்க முடியவில்லை. ஊன்றுகோலைக்கூட எடுக்காமல் மாடிப்படி இறங்கி வந்துவிட்டார். அளவு நாடா கழுத்தில் தொங்க நான் ஓடி வந்ததைத் தெருவே பார்த்தது.

கட்டின் அடிப்பாகம் உடைந்து நொறுங்கியிருந்தது. மறுபடி ஆஸ்பத்திரி. கட்டை வெட்டிப் பிரித்தார்கள். உள்ளே பஞ்சு சிவப்பாக இருந்தது. அடிப்பாதத்தில் ஒரு புண், கட்டை விரல் நகம் அளவுக்கு, ஈரமாக. அந்தப் பஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தார் உன் அண்ணன்.

"இது என்னோடதா?" என்று கேட்டார்.

டாக்டர் சுத்தம் செய்தாள், மரத்துப்போக ஊசி எதுவும் போடாமலே. தேவைப்படவில்லை. அவள் கத்தியால் ஓரங்களைச் சீவி எடுப்பதை அவர் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பள்ளிக்குப் போன் போட்டு நூலகத்தம்மாவின் எண்ணை வாங்கினார். பிறகு பேசினார். சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கேன். நீங்க சொன்னதுதான் நெசம். பிரேக் மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. என் காலுக்குத்தான் எங்க இருக்கோம்னு தெரியல."

அந்தப் பக்கம் அந்தம்மா அழுதிருக்க வேண்டும். இல்லைங்க, இல்லைங்க என்று இவர் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. முதலாளியிடம், இனி அந்த இருக்கையில் உட்கார மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். போர்டில் படம் போட்டுப் பாடம் நடத்த வரலாமே என்று முதலாளி கேட்டிருக்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாற்றம், எழுந்திருக்க வேண்டுமானால் என்னைக் கூப்பிடுகிறார். ஊசியும் தானே போட்டுக்கொள்கிறார். புண் மெல்ல மெல்லச் சுருங்குகிறது. சூடும் குறைகிறது என்கிறாள் டாக்டர். கால் தப்பிவிடும் என்று மட்டும் அவள் இன்னும் வாயைத் திறந்து சொல்லவில்லை. நானும் வாயைத் திறந்து கேட்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். போன முறை கட்டு மாற்றப் போனபோது டாக்டரிடம் கேட்டேன், இது தொடங்கும்போது ஒன்றுமே தெரியாதா என்று. சில பேருக்குத் தெரியாது, நிறையப் பேருக்குத் தெரியும் என்றாள். கால் விரலில் எறும்பு ஊர்வது போல, ராத்திரி படுத்தால் பாதம் எரிவது போல இருக்குமாம். "அப்புறம் ஒரு நாள் அது நின்னுடும். சரியாப் போச்சுன்னு சந்தோஷப்படுவாங்க. எல்லா நேரமும் அது சரியாப் போனது இல்லம்மா" என்றாள்.

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி, நீ குளிர் காலத்தில் எழுதிய கடிதத்தில் என்ன எழுதியிருந்தாய்? கால் விரலெல்லாம் எறும்பு ஊர்ந்து தூக்கமே இல்லை அண்ணி, புது பூட்ஸ் வாங்கினேன், இப்போ எல்லாம் நின்றுபோச்சு, சுகமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நான் அதை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டி, நல்ல பூட்ஸ் போல என்று சிரித்தேன்.

நீ ஓட்டுவது சின்னக் கார் இல்லை. பதினாறு சக்கர லாரி. பக்கத்து இருக்கையில் உனக்கு யாரும் இல்லை.

பூட்ஸால்கூட இருக்கலாம். பூட்ஸாகவே இருக்கட்டும். ஆனால் நீ அடுத்த முறை வண்டி எடுப்பதற்கு முன்னால் ஒரு டாக்டரிடம் போய் உட்கார்ந்து அந்த இழைச் சோதனையைச் செய்துகொள். அண்ணனுக்குச் சர்க்கரை என்றால் தம்பிக்கும் வரலாம், மூன்று மாதச் சராசரி எடு. கண்ணைப் பார்க்கச் சொல். தினமும் உன் வீட்டுக்காரியை உன் உள்ளங்காலைப் பார்க்கச் சொல், உனக்கு வெட்கமாக இருந்தாலும். அவளுக்கு நான் தனியாக எதுவும் எழுதவில்லை. நீயே இதை அவளிடம் கொடு. கொடுக்காமல் விட்டுவிடாதே.

மீதிப் பக்கத்தில் உன் அண்ணனும் எழுத வேண்டுமாம்.

இப்படிக்கு,
உன் அண்ணி

*

தம்பி,

நான் கடிதம் எழுதி நீ பார்த்திருக்க மாட்டாய். எழுத்து கோணலாக இருக்கும், படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

உன் அண்ணி எழுதியதை எல்லாம் படித்தேன். எல்லாம் உண்மை. அவளுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் பேனா கேட்டேன். கடைக்குள் வண்டி நின்றதும் கண்ணாடித் தூளுக்கு நடுவே அந்தக் குழந்தை என்னைப் பார்த்தது. அழவில்லை. கையில் ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தது. அப்போதும் என் கால் அழுத்திக்கொண்டுதான் இருந்தது, தம்பி. நான் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தேன். கால் பிரேக்கில் இல்லை. மெக்கானிக் சொல்வதற்கு முன்னால், அந்தம்மா சொல்வதற்கு முன்னால், எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் வீட்டுக்கு வந்து பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னேன். அதைச் சொல்லிக்கொண்டே இருந்தால் அதுவே உண்மையாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

நீயும் அப்படித்தான் நினைப்பாய். பூட்ஸ்தான் என்று சொல்லிக்கொண்டே இருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். உனக்குப் பத்து வயதில் காய்ச்சல் வந்தபோதும் வெயில்தான் என்று சொன்னவன் நீ.

இதுவரை உன்னிடம் நான் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. திட்டித்தான் பழக்கம். இப்போது கேட்கிறேன். இதைப் படித்து முடித்ததும் பூட்ஸைக் கழற்று. உன் மனைவியை எதிரே உட்காரச் சொல். கண்ணை மூடிக்கொள். அவள் விரல் நுனியால் உன் கால் விரல்களை மெல்லத் தொடட்டும், எந்த விரல் என்று நீ சொல். சரியாகச் சொன்னாலும் டாக்டரிடம் போ. சொல்ல முடியவில்லை என்றால் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போ. வேலை போய்விடும் என்று நினைக்காதே. சொல்ல முடியாமல் போனால் என்ன செய்வது என்றும் இப்போதே நினைக்காதே. எனக்குத் தெரிந்ததைவிட உனக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும், அதுவே பெரிய விஷயம் என்று அந்த டாக்டர் பெண் சொல்கிறாள். அவள் பொய் சொல்கிற ஆள் இல்லை.

விடுமுறைக்கு வருகிறாய் என்று எழுதியிருந்தாய். ஒவ்வொரு முறையும் உன்னை அழைத்துப்போக நான்தான் வருவேன். இந்த முறை உன் அண்ணி வருவாள். நானும் வருவேனா என்று டாக்டரிடம் கேட்டேன், பார்க்கலாம் என்று சொன்னாள். நான் எப்படி இருந்தாலும் நீ அதிர்ச்சி அடையக் கூடாது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நல்லா இரு. நீ மட்டும் இரண்டு காலால் இறங்கி நடந்து வா, அது போதும்.

உன் அண்ணன்